சொந்த விருப்பத்தின் பேரில்

நாக்பூர் ரயில்வே குடியிருப்பு ஒன்றில், 2024 ஏப்ரல் கடைசி வாரத்தில், பாதி நிரம்பிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்து கணித ஆசிரியை ஒருவர் தம் பழைய கோப்பைப் பிரித்தார். கணவர் அம்மாத இறுதியில் பணி ஓய்வு பெறவிருந்தார்; குடும்பம் விருதுநகருக்குத் திரும்பவிருந்தது; ஆகவே ஆசிரியையும் பள்ளியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்திருந்தார். கோப்பில் நான்கு பணி அனுபவச் சான்றிதழ்கள் இருந்தன. ஐந்தாவது இன்னும் கைக்கு வரவில்லை. நான்கும் நான்கு ஊர்ப் பள்ளிகள் வழங்கியவை. தாளின் நிறமும் முத்திரையும் கையொப்பமும் வேறுவேறு. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் நான்கிலும் மாறாமல் நின்றது. ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'தம் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.'

இருபத்தேழு ஆண்டுகளில் நான்கு முறை அந்த வாக்கியத்தை அவர் வாங்கி மடித்து வைத்திருக்கிறார். வரிசையாகப் பரப்பிப் படித்தது அன்றுதான் முதல் முறை.

அவர் பிறந்தது விருதுநகரில். 1995இல் கணிதத்தில் எம்.எஸ்ஸி., 1996இல் பி.எட். 1997 பிப்ரவரியில் திருமணம். மாப்பிள்ளைக்குத் தென்கிழக்கு ரயில்வேயின் பொறியியல் பிரிவில் வேலை. அந்நாளில் அம்மண்டலம் மிகப் பரந்தது. விசாகப்பட்டினத்து வால்டேர் கோட்டம், கரக்பூர், பிலாஸ்பூர், நாக்பூர் யாவும் அதனுள் அடங்கியிருந்தன. பெண் பார்க்க வந்த நாளில் மாப்பிள்ளையின் தாயார் மனம் நிறைந்து சொன்னார்: "டீச்சர் வேலைன்னா ரொம்ப நல்லது. எந்த ஊருக்குப் போனாலும் கிடைச்சிரும்."

அது பாராட்டு, கேட்ட அனைவரும் அப்படியே எடுத்துக்கொண்டனர். ஆனால் அந்த வாக்கியத்தில் ஊருக்குப் போகிறவர் யார் என்பது சொல்லப்படவில்லை. சொல்லவேண்டிய தேவையும் எவருக்கும் தோன்றவில்லை. மணமகனின் வேலை ஓர் இடத்தில் இருக்கும் பொருள். மணமகளின் வேலை கூடவே எடுத்துச் செல்லும் பொருள். பெண்ணுக்கு ஏற்ற தொழில் என்று ஆசிரியப் பணி இந்தியா முழுவதும் புகழப்படுவதற்குச் சொல்லப்படும் காரணங்களை எண்ணிப் பார்த்தால் இது புலனாகும். பிற்பகலில் வீடு திரும்பலாம். குழந்தைக்கு விடுமுறை என்றால் தாய்க்கும் விடுமுறை. எங்கும் வேலை கிடைக்கும். இவற்றுள் ஒன்றுகூடக் கற்பித்தலைப் பற்றியதன்று. மூன்றும் குடும்பத்தின் வசதியைப் பற்றியவை.

விசாகப்பட்டினத்தில் 1997 ஜூனில் முதல் வேலை கிடைத்தது. நேர்காணலில் தலைமை ஆசிரியை முதலில் கேட்டது பட்டத்தைப் பற்றி அன்று, திருமணமாகிவிட்டதா என்றுதான். ஆகிவிட்டது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மணமாகாத பெண்கள் ஓராண்டு இருந்துவிட்டுக் கல்யாணம் என்று போய்விடுகிறார்கள். மணமானவர்கள்தாம் நிலையாக இருப்பார்கள் என்று விளக்கமும் சொன்னார். இரண்டு ஆண்டு ஏழு மாதம் கழித்து, 2000 ஜனவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாக அதே அறையில் அவர் நின்றார். தனியார் பள்ளியில் அத்தனை நீண்ட விடுப்புக்கு வழியில்லை என்றார்கள். பதவி விலகல் கடிதம் எழுதினால் சான்றிதழ் உடனே தரப்படும் என்றார்கள். எழுதினார். தரப்பட்டது. சொந்த விருப்பம் என்ற தொடர் அவர் வாழ்வில் முதலில் நுழைந்தது அவ்வாறுதான்.

மணமான பெண் கற்பிக்கலாகாது என்று வெளிப்படையாக விதி எழுதிய நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் பல உள்ளூர்க் கல்வி நிர்வாகங்கள் திருமணமான ஆசிரியைகளைப் பணியிலிருந்து நீக்கின. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. அயர்லாந்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியைகளுக்கு அத்தகைய தடை 1934 முதல் 1958 வரை நடப்பில் இருந்தது. இந்தியாவிலும் எழுதப்பட்ட தடைகள் இருந்தன. ஆனால் வேறு துறைகளில். வெளியுறவுப் பணியில் மணமான பெண் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்ற விதியை 1979இல் சி.பி. முத்தம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. விமானப் பணிப்பெண் முதற்கருவுற்றதும் ஓய்வு பெறவேண்டும் என்ற விதியை 1981இல் ஏர் இந்தியா வழக்கில் அதே நீதிமன்றம் நீக்கியது. ஆயினும் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அனுமதித்தது.

பள்ளிக்கூடத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1848இல் புணேயில் ஜோதிராவ் புலேயுடன் சேர்ந்து பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிக் கற்பித்த சாவித்திரிபாய் மணமான பெண். மணமாகியிருந்ததால்தான், கணவர் கற்பித்ததால்தான், அவர் ஆசிரியையாக முடிந்தது. அதன் பின்னர் நெடுங்காலம் சீர்திருத்தவாதிகள் ஆசிரியைகளைத் தேடிச் சென்றது கைம்பெண்களிடம். சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1912இல் தொடங்கிய இல்லம் இளம் விதவைகளைப் படிக்கவைத்து ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியது. கணவன் உள்ள பெண்ணை வீடு விடாது. கணவனை இழந்தவளுக்கு வீட்டில் இடமில்லை. ஆகவே அவள் பள்ளிக்கு வந்தாள். ஐரோப்பாவில் சில நாடுகள் சட்டத்தால் செய்ததை இங்கே குடும்பமே செய்து முடித்திருந்ததால், பள்ளி வாயிலில் தனியே ஒரு விதி தேவைப்படவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது போலத் தோன்றும். கல்வி அமைச்சகத்தின் 2024-25 தரவின்படி நாட்டில் பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துவிட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். பெண்கள் பணியில் சேர்வது கண்கூடு. சேர்ந்த பணியில் எத்தனை ஆண்டு தொடர்கிறார்கள் என்பதை இத்தகைய தலைக்கணக்கு காட்டுவதில்லை.

அந்த ஆசிரியையின் கணக்கு தெளிவானது. கரக்பூரில் 2002 ஏப்ரல் முதல் 2006 ஜூலை வரை, நான்கு ஆண்டு மூன்று மாதம், கணவருக்கு மாறுதல். பிலாஸ்பூரில் 2007 ஜூலை முதல் 2011 மார்ச் வரை, மூன்று ஆண்டு எட்டு மாதம், மீண்டும் மாறுதல். நாக்பூரில் 2012 ஜூன் முதல் 2016 செப்டம்பர் வரை, நான்கு ஆண்டு மூன்று மாதம். 'எந்த ஊருக்குப் போனாலும் கிடைச்சிரும்' என்று வாழ்த்திய மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அவர் காலமான பின் 2018 ஜூனில் அதே ஊரில் மற்றொரு பள்ளி. மாமியாரின் வாக்கு பொய்க்கவில்லை. வேலை எல்லா ஊரிலும் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்பவருக்குரிய சம்பளத்தில் கிடைத்தது.

ஊர்தோறும் அழைக்கும் சொல்லும் மாறியது. விசாகப்பட்டினத்துத் தெருவில் முதியவர்கள் 'பந்துலம்மா' என்றார்கள். கரக்பூரில் பள்ளி ஆயாவுக்கு அவர் 'திதிமணி'. பிலாஸ்பூரில் வயதான பெற்றோர் 'பஹன்ஜி' என்று கைகூப்பினர். நாக்பூரில் 'பாயி'. மராத்தியில் ஆசிரியையையும் அப்படி அழைப்பார்கள், வீட்டு வேலைக்கு வருபவரையும் அப்படி அழைப்பார்கள் என்று தெரிந்த நாளில் அவர் சிரித்துக்கொண்டே கணவரிடம் சொன்னாராம்: "ரெண்டுமே நான்தான், ஒரே சொல் போதுங்க." வகுப்பறைக்குள் மட்டும் எல்லா ஊரிலும் அவர் 'மிஸ்'. கைக்குழந்தையோடு ஆண்டு விழாவுக்கு வந்தபோதும் 'மிஸ்'.

இச்சொற்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. தாய், தமக்கை, தங்கை என்று உறவாக்கியே இந்திய மொழிகள் ஆசிரியையை ஏற்கின்றன. ஆங்கிலமோ மணமாகாதவளாக ஆக்குகிறது. மணமான பெண், ஆசிரியை என்னும் இரண்டும் ஒருசேர நிற்கும் சொல் அரிது. இந்தத் தயக்கம் மிகப் பழையது. 'ஆசார்யா' என்றால் தானே கற்பிக்கும் பெண். 'ஆசார்யானீ' என்றால் ஆசார்யரின் மனைவி என்று வடமொழி இலக்கணிகள் பாணினி மரபில் விகுதியால் வேறுபடுத்தினார்கள். இந்தியின் 'மாஸ்டர்னி'யும் தமிழின் 'வாத்தியாரம்மா'வும் அந்த வேறுபாட்டைக் கைவிட்டன. ஆசிரியரின் மனைவியையும் ஆசிரியையையும் ஒரே சொல் குறிக்கலாயிற்று. கற்பிக்கிறாளா, கற்பிப்பவனை மணந்திருக்கிறாளா என்பதைக் கேட்பவர் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழில் இருந்த பெயரும் இவ்வாறே அலைந்தது. பட்டச் சான்றுகளில் தந்தையின் தலைப்பெழுத்து. முதல் இரு பள்ளிகளில் கணவரின் பெயர் பின்னால் சேர்ந்தது. நாக்பூரில் படிவங்கள் பெயர், கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள் கேட்டன. குடும்பப் பெயர் இல்லாத தமிழ்க் குடும்பத்துக்கு மாமனாரின் பெயர் அந்தக் கட்டத்தில் குடியேறியது. மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத் தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் கையொப்பம் வாங்கிக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறார். மூன்று ஆட்கள் அல்லர், ஒரே ஆள் என்று மெய்ப்பிக்கவேண்டிய பொறுப்பு அவருடையது. கணவரின் பணிப் பதிவேட்டில் அவர் சேர்ந்த நாளிலிருந்து ஒரே பெயர்.

இதில் உண்மையான இழப்பு எங்கே இருக்கிறது என்பது பணிக்கொடைச் சட்டத்தைப் பார்த்தால் புரியும். 1972ஆம் ஆண்டின் அச்சட்டம் தொழிலாளிக்குப் பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர்ச்சியான பணியை நிபந்தனையாக வைத்தது. ஆசிரியர்கள் அதன் வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2009இல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு அவர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கைத் தள்ளி, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதி செய்தது. ஆசிரியைகள் பலருக்கு அது பெரிய வெற்றி. இந்த ஆசிரியை முதல் வேலையில் சேர்ந்தது 1997 ஜூனில்; அவர் பணியாற்றிய ஒவ்வொரு நாளும் அந்தத் திருத்தத்தின் காலவரம்புக்குள் வருகிறது. ஆயினும் முதல் நான்கு பள்ளிகளில் அவருக்கு ஒரு ரூபாயும் உரிமையாகவில்லை. ஐந்தாண்டு எங்கும் நிறையவில்லை.

கணிதம் கற்பிப்பவர் என்பதால் அதை அவரே போட்டுப் பார்த்தார். நான்கு பள்ளிகளிலும் சேர்த்து 14 ஆண்டு 9 மாதம். ஐந்தாவது பள்ளியில் 5 ஆண்டு 10 மாதம். மொத்தம் 20 ஆண்டு 7 மாதம். கடைசி மாதச் சம்பளம் 26,000 ரூபாய். சட்டத்தின் வாய்பாட்டின்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால், ஓர் ஆண்டுப் பணிக்கு 15,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கொள்ளப்படும். ஒரே பள்ளியில் இருந்திருந்தால் 21 ஆண்டுக்கு 3,15,000. இப்போது கிடைப்பது கடைசிப் பள்ளியின் ஆறு ஆண்டுக்கு 90,000. வித்தியாசம் 2,25,000. 'எந்த ஊருக்குப் போனாலும் கிடைச்சிரும்' என்ற வாக்கியத்தின் விலை ரூபாயில் அது. நான்கு முறை அடித்தட்டுச் சம்பளத்திலிருந்து தொடங்கிய இழப்பு இக்கணக்கில் சேரவில்லை.

சட்டம் இங்கே எவரையும் பாகுபடுத்தவில்லை. பெண் என்றோ மணமானவர் என்றோ ஒரு சொல்லும் அதில் தடையாக இல்லை. ஐந்து ஆண்டு என்ற எண் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுதலாகும் கணவரின் வேலையும், மகப்பேறும், முதியோர் பராமரிப்பும் சேர்ந்து, அந்த எண்ணைச் சிலருக்கு எட்டாத உயரத்தில் வைக்கின்றன. எழுதப்பட்ட தடையை எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம், முத்தம்மா தொடுத்தார். கழித்தல் கணக்கை எதிர்த்து எங்கே போவது?

தொடர்ச்சி எப்படி முறிகிறது என்பதை நீதிமன்றம் கவனித்ததும் உண்டு. அரியானாவில் தற்காலிக ஆசிரியர்களைக் கல்வியாண்டின் தொடக்கத்தில் நியமித்து, கோடை விடுமுறைக்கு முன் நீக்கி, மீண்டும் நியமிக்கும் வழக்கத்தை 1985இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்த முறிவு அரசே உண்டாக்கியது என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. குடும்பம் உண்டாக்கும் முறிவு அப்படித் தெரிவதில்லை. அது விருப்பம் என்ற பெயரில் பதிவாகிறது. கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியர்களாயின் கூடியவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்திய அரசின் பணியாளர் துறை 1986இலேயே வழிகாட்டியது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை எனில் அந்த வழிகாட்டுதலில் அவருக்கு இடமில்லை.

மொழியின் பக்கம் திரும்பிப் பார்த்தால் அந்தச் சான்றிதழ் வாக்கியம் கூர்ந்து நோக்கத்தக்கது. 'விடுவிக்கப்படுகிறார்' என்பது செயப்பாட்டு வினை. விடுவித்தவர் யார் என்பதை மறைக்க அது பயன்படுகிறது. 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்பது காரணம் கூறும் தொடர். காரணம் முழுவதையும் விடுவிக்கப்பட்டவர் மேலேயே அது சுமத்துகிறது. ஆக, வாக்கியத்தின் ஒரு பாதியில் செய்தவர் எவருமில்லை. மறுபாதியில் பொறுப்பாளி அவர் ஒருவரே. விடுப்பு மறுத்த பள்ளி அந்த வாக்கியத்தில் இல்லை. மாறுதல் ஆணையிட்ட ரயில்வே இல்லை. கணவர் இல்லை. படுக்கையில் கிடந்த மாமியார் இல்லை. ஒரு பெண்ணும் அவளுடைய விருப்பமும் மட்டுமே எஞ்சுகின்றன.

விருப்பமே இல்லை என்று சொல்வதும் பிழை. கணவருடன் ஒரே வீட்டில் வாழ அவர் விரும்பினார். மாமியாரைப் பிறர் கையில் விட அவர் மனம் ஒப்பவில்லை. அவற்றை அவர் சுமையாகச் சொல்வதில்லை. ஆனால் குடும்பத்தோடு இருக்க விரும்பியது வேறு. பள்ளியை விட்டுப் போக விரும்பியது வேறு. முதல் விருப்பத்தை இரண்டாவதாக மொழிபெயர்ப்பதுதான் அந்தத் தாள் செய்யும் வேலை. கணவரும் குடும்பத்தோடு இருக்கவே விரும்பினார். அந்த விருப்பத்துக்காக அவர் எங்கும் எதையும் எழுதிக் கொடுக்க நேரவில்லை.

மாற்ற முடியாத ஏற்பாடு அன்று இது. வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒரே கணக்கு எண் தொழிலாளியுடன் நிறுவனம் விட்டு நிறுவனம் செல்கிறது. பணிக்கொடையும் அவ்வாறு ஆசிரியையைப் பின்தொடர்ந்து செல்ல வழி செய்யலாம். முந்தைய பள்ளிகளின் அனுபவத்தைச் சம்பள நிர்ணயத்தில் கணக்கிடுமாறு விதி செய்யலாம். இவற்றுக்கெல்லாம் முன்னால், செலவே இல்லாத ஒன்றைச் செய்யலாம்: சான்றிதழில் உண்மையான காரணத்தை எழுதலாம். காரணம் பதிவானால்தான் அது எண்ணப்படும். எண்ணப்பட்டால்தான் எவரேனும் அதைப் பற்றிக் கேட்பார்கள்.

கடைசி வேலை நாளில் ஐந்தாவது சான்றிதழ் தயாராக இருந்தது. தம் பதவி விலகல் கடிதத்தில் 'கணவர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்புவதால்' என்று எழுதியிருந்தும், சான்றிதழில் பழைய வாக்கியமே அச்சாகியிருந்ததை அவர் எழுத்தரிடம் சுட்டிக் காட்டினார். எழுத்தர் நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் சொன்னார், கணினியில் உள்ள படிவம் அப்படித்தான், எல்லா மேடத்துக்கும் அதே வாக்கியம்தான் என்று. அவர் வாதிடவில்லை. அன்றிரவு ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து வரிகள் எழுதினார். ஒன்று, பிரசவம், விடுப்பு தரப்படவில்லை. இரண்டு, கணவருக்கு மாறுதல். மூன்று, கணவருக்கு மாறுதல். நான்கு, மாமியாருக்குப் பக்கவாதம். ஐந்து, கணவர் பணி ஓய்வு. அதை ஐந்து சான்றிதழ்களுக்கும் மேலே வைத்துக் கோப்பை மூடினார்.

ஜூன் தொடக்கத்தில் விருதுநகரில் ஒரு தனியார் பள்ளியில் நேர்காணல். தாளாளர் கோப்பைப் புரட்டினார். இருபது வருட அனுபவம், ஐந்து பள்ளிகளா என்று கேட்டார். ஆசிரியை வெள்ளைத் தாளைக் காட்டினார். தாளாளர் படித்துவிட்டு, மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டார்: "இனிமே மாறுதல் ஏதும் இருக்காதே, டீச்சர்?"

"எனக்கு எப்பவுமே மாறுதல் இருந்ததில்லை, சார்" என்றார் அவர்.

அடுத்த திங்கட்கிழமை முதல் வரச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, கணிதம். சம்பளம், புதிதாகச் சேர்பவருக்குரியது.